கெடுதி இல்லாத மருந்து

மன்னாரில் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருப்பது சுலபமில்லை, ஐயா. கச்சான் காற்று தொடங்கினால் உப்பும் மணலும் துணிக்குள் ஏறிவிடும். கல்யாணக் கோட்டு, சுவாமிமாரின் பூசை உடுப்பு, வங்கிக்காரரின் காற்சட்டை எல்லாம் என்னிடம்தான் வரும். தண்ணீர் படாமல் மருந்தில் தோய்க்கும் கடை இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

முன்பு பாவித்த மருந்து புற்றுநோய் தரும் என்று பேச்சு வந்தது. மெஷினில் துணி போட்டு எடுப்பவள் என் மனைவி கிறேஸ். அவள் பயந்தாள். அதனால் கொழும்பில் ஒருவரிடம் புதிய மருந்து எடுத்தேன். புரோமைட் சேர்ந்தது. பழைய மெஷினிலேயே ஓடும், மண்ணுக்கும் மனிதருக்கும் கெடுதி இல்லை என்றார். 'இயற்கைக்கு உகந்த சலவை' என்று கடைவாசலில் பலகையும் மாட்டினேன்.

மருந்துத் தகரத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் சின்ன எழுத்தில் வேறு விதமாக இருந்தது. மூச்சில் போனால் நரம்பு கெடும், காற்றோட்டம் வேண்டும், நிலத்தில் ஊற்றக்கூடாது. வாசித்துவிட்டு அதை உரித்தெடுத்தேன். கிறேஸ் ஒரு தடவை பயந்தது போதும் என்று நினைத்தேன். யன்னல்களையும் சாத்தினேன். திறந்திருந்தால் மருந்து ஆவியாகிக் காற்றோடு போய்விடும்.

மிஞ்சிய கசடை கடைக்குப் பின்னால் வளவு மணலில் ஊற்றினேன். மணல் எதையும் குடித்துவிடும். பக்கத்து வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் தண்ணீர் ருசி மாறியபோது, உப்பேறிவிட்டது என்றேன். இங்கே கிணறு உப்பேறுவது புதிதல்ல. பக்கத்து வீட்டு லூர்தம்மா நம்பினார். குடிப்பதை நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்ட மட்டும் அந்தத் தண்ணீரை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

கிறேஸுக்கு முதலில் தலையிடி வந்தது. பிறகு கால் மரத்தது. செருப்பு கழன்றது தெரியாமல் கோயில்வரை போய்வந்தாள். இருவரும் சிரித்தோம். ஒரு ஞாயிறு, நற்கருணை வாங்கித் திரும்பும்போது எல்லாரும் பார்க்க விழுந்தாள். அதன்பின் சுவரைப் பிடிக்காமல் அவளால் நடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடையில என்ன பாவிக்கிறனீங்கள்?"

"சவர்க்காரம்தான், டொக்டர்."

உண்மையைச் சொல்லியிருந்தால் கடையை மூடச் சொல்லியிருப்பார்கள். அவர் சீனி வருத்தமா என்று சோதித்துவிட்டு விற்றமின் குளிசை எழுதித் தந்தார். அதற்குப் பிறகும் கிறேஸ் நெடுநாள் அதே மெஷின் அறையில் கதிரையில் இருந்தபடி வேலை செய்தாள். நான்தான் தினமும் தூக்கிக்கொண்டுபோய் இருத்துவேன். விழாமலிருக்க என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

கையும் நடுங்கத் தொடங்கியதும் வங்காலையிலிருந்து அவளுடைய அக்காவின் மகள் ஜெனிஸ்ராவை மெஷின் வேலைக்கு வரவழைத்தேன். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற பிள்ளை. யன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். மணல் வரும் என்றேன்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் ஜெனிஸ்ரா சோறு கொண்டுவந்தாள். கிறேஸ் சோற்றுக் கோப்பையைப் பார்க்கவில்லை. ஜெனிஸ்ராவின் காலைப் பார்த்தாள்.

"மற்றச் செருப்பு எங்க, பிள்ளை?"

"போட்டிருக்கிறன்தானே, சின்னம்மா," என்றவள் குனிந்து பார்த்தாள். வெறுங்கால்.

கிறேஸ் சாப்பிடவில்லை. பிள்ளை வெளியே போனதும் என்னிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஓம்."

"எப்பவிருந்து?"

"முதலிலயிருந்தே."

தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

"என்னைத் தொடாதேங்கோ. அக்காவுக்குப் போன் அடிச்சுத் தாங்கோ."

அவளுடைய விரல்களால் முடியாது. இலக்கத்தை நான்தான் அமத்தி, போனைக் காதில் வைத்துப் பிடித்தேன். அவள் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது. பின்னேரமே வான் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களிடம் முறைப்பாடு கொடுத்ததும் அவர்கள்தான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிறேஸுக்கும் ஜெனிஸ்ராவுக்கும் என்ன வரும் என்று தெரிந்தேதான் அந்த அறையில் இருத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

எனக்கு இப்போது ஒரு கவலைதான். வங்காலையில் அவளைத் தூக்கி இருத்த, ஊட்டிவிட யார் இருக்கிறார்கள்? என்னைப்போல் அவளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை, ஐயா.