விபூதி போட்ட சிலிண்டர்

ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோ இன்னும் ஓர் ஆளுக்காக பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நின்றிருந்தது. "காஸ் வண்டியாப்பா?" என்று என் பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் டிரைவரைக் கேட்டார்.

"பயப்படாதக்கா. சிலிண்டர் வால்வுல ஒரு ஓட்டை இருந்துது. ஆயுத பூஜைக்குக் கழுவறப்ப பார்த்தேன். பசை வச்சி அடைச்சி, மேல விபூதிப் பட்டையும் போட்டுட்டேன். இனிமே காஸ் வெளிய வராது."

"அடப்பாவி, காஸ் வெளிய வரதுக்குன்னே வச்ச ஓட்டைப்பா அது!"

"வந்தா தீ பிடிக்காதா?"

"தீ பிடிச்ச பிறகுதான் அதுக்குள்ள இருக்கற மூடி தொறக்கும். போன மாசம் திருப்புட்குழி கிட்ட ஒரு காஸ் கார் எரிஞ்சுது, பஸ்ல இருந்து பார்த்துக்கினு இருந்தோம். அந்த ஓட்டை வழியா காஸ் சீறிக்கினு எரிஞ்சுது. கார் கருகிப்போச்சு, சிலிண்டர் வெடிக்கல. தீயணைக்க வந்தவரே சொன்னாரு. நீ அடைச்சி வச்சா உள்ள இருக்கறது எங்க போவும்? சிலிண்டரைப் பொளந்துக்கினுதான் வரும்."

"இத்தினி நாளா ஓட்டறேன், ஒண்ணும் ஆவலியே."

"இத்தினி நாளா தீ பிடிக்கல, அதான். பெரிய கண்டுபிடிப்பு!"

"எல்லாம் சாமி பார்த்துக்கும்க்கா. மனசாரப் பூசின விபூதி."

கண்ணாடிக்குக் கீழே இருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவர் சாவியைத் திருப்பினார். அம்மாள் பையோடு இறங்கிக்கொண்டார். இறங்கியவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு டிரைவரிடம் குனிந்தார்.

"அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சி இவங்க நெத்தியிலயும் இப்பவே பூசிடுப்பா. அப்பறம் தேடினா நெத்தி கிடைக்காது."