அக்காவுக்கு ஓர் எதிரி தேவைப்பட்டது

உங்கள் காவல் நிலையத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன், மேடம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், படங்கள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. மாதத்துக்கு ஒரு பதிவு, அதுவும் யாரோ யாருக்கோ சான்றிதழ் கொடுக்கிற படம். அதன் கீழே ஒருவர் காணாமல் போன தன் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஏழு மாதமாக யாரும் பதில் சொல்லவில்லை. சைக்கிள் கிடைக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டால் அந்த மனிதர் ஆயுசுக்கும் உங்கள் ஆள்.

எனக்கு இதெல்லாம் கண்ணில் படும். அக்காவின் பக்கம் வளர்ந்ததே அதனால்தான். எப்படி வளர்ந்தது என்றுதானே கேட்டீர்கள்? முதலிலிருந்தே சொல்கிறேன்.

அப்பாவின் பழுதுபார்க்கும் கடையை இப்போது நடத்துவது அக்கா. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எது வந்தாலும் பிரித்து மேசையில் பரப்பிவிடுவாள். பிரிக்கும்போது அந்தப் பொருளோடு பேசுகிற பழக்கம் அவளுக்கு. "உனக்கு என்னடா ஆச்சு, நல்லாத்தானே இருந்த" என்று ஒரு கெட்டிலைக் கேட்பாள். அது பதில் சொன்ன மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாள். ஒருநாள் விளையாட்டாக அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டேன். நானூறு பேர் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் நானும் நான்கு வருடம் வலைப்பூ எழுதினேன். மழை, மௌனம், தனிமை, அந்த மாதிரி. வாசகர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் நான்தான். அக்கா ஒரு பதிவு விடாமல் லைக் போடுவாள், பல நேரம் நான் வெளியிட்ட மூன்றாவது விநாடியிலேயே. மூன்று விநாடியில் யாரும் ஒரு பக்கம் படிக்க முடியாது. இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எந்தெந்தப் பதிவுகள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கெட்டில் வீடியோவுக்குப் பிறகு அக்காவின் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று வீடியோ, எல்லாம் ஒரே நேரத்தில். முதல் ஐந்து விநாடியில் பொருள் உடைந்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவர்களுக்குப் பெயர் சொல்லிப் பதில். புத்தகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் செய்தேன். பின்தொடர்பவர்கள் தொள்ளாயிரம் வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அக்காவை எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதுதான் கோளாறு. கருத்துப் பகுதி முழுக்க 'அருமை', 'அருமை சகோதரி', 'மிக அருமை'. ஒருவர் 'அருமை' என்று எழுதினால் அடுத்தவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்? பேச்சு வளராது. பேச்சு வளராத பக்கத்தை யாரிடமும் கொண்டுபோய்க் காட்ட மாட்டார்கள். அக்காவுக்கு ஓர் எதிரி தேவைப்பட்டது. அவளுக்கு எதிரி பிடிக்கிற சாமர்த்தியம் கிடையாது. அதனால் நானே ஒருவனை உண்டாக்கிக் கொடுத்தேன்.

அவன் பெயர் டெஸ்டர். மின்சாரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதே, அதன் படத்தையே முகமாக வைத்தேன். அவனுடைய முதல் கருத்து இது: 'ஸ்க்ரூவைக் கழற்றுகிற அழகிலேயே தெரிகிறது, அம்மணி தொழில் கற்றது தயிர் கடைகிற இடத்தில்.'

அன்று மதியத்துக்குள் நூற்று நாற்பது பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அக்காவுக்காக. வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டாயிரம்.

"யாருடி இவன்? எங்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்து ஏமாந்தவனா?" என்று அக்கா கேட்டாள். பொறாமை பிடித்தவன், விடு என்றேன். ஆனால் மரியாதையாக ஒரு பதில் போடலாம் என்றும் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பிறகு சமையலறைக்குப் போய் டெஸ்டரின் பதிலை எழுதிவிட்டு, திரும்பி வந்து, "அய்யய்யோ, மறுபடியும் வந்துட்டான்கா" என்றேன். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தே அந்த மாதம் இரண்டு கிலோ குறைந்தேன்.

இன்னொன்றும் நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. டெஸ்டரைப் பின்தொடரவும் ஆட்கள் வந்தார்கள். 'இவன் சொல்றது தப்புதான், ஆனா எழுத்துல ஒரு வீச்சு இருக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவன் வரிகளைப் படமாக்கிப் பகிர்ந்தார்கள். நான்கு வருடம் மழையைப் பற்றி எழுதியபோது ஒருவரும் ஒரு வரியைக்கூட எடுத்துப் போட்டதில்லை. ஐந்தாவது மாதம் அக்காவுக்கு முப்பத்தெட்டாயிரம் பேர். டெஸ்டருக்கு நாற்பத்தோராயிரம்.

அக்கா அதற்குள் கொஞ்சம் மாறியிருந்தாள். கெட்டிலோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். முடித்த வேலையை மறுபடி பிரித்துப் பார்த்தாள். ஒரு வீடியோவில், "நான் யாரையும் ஏமாத்தலங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பு மசி ஒட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. மசியோடு இருந்தது நன்றாக இருந்தது. அதை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் மட்டும் குறைந்தார்கள். அடுத்த தெரு பேக்கரிக்காரர் தன் மின் அடுப்பை வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள்: "பக்கத்த மூடிடலாம்டி. எனக்கு இது வேணாம்."

"முப்பத்தெட்டாயிரம் பேரையா மூடுவ?"

"அவங்கள்ல ஒருத்தரும் எங்கிட்ட ஒரு இஸ்திரிப் பெட்டி குடுத்ததில்லையே."

நியாயமான பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். மூடுவதற்கு முன்னால் அந்த ஆள் மீது புகாராவது கொடுக்க வேண்டும் என்றாள். புகாரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கோப்பில் முதலில் இருப்பது அதுதான். மிகவும் கோர்வையாக இருப்பதாக நீங்கள் சொன்னீர்கள் என்று அக்கா வந்து சொன்னாள். டெஸ்டரின் பதிவுகளையும் கூர்மையான எழுத்து என்று சொன்னீர்களாம். ஒரே கோப்பில் ஒருவருக்கு இரண்டு பாராட்டு கிடைப்பது அபூர்வம், மேடம்.

பக்கத்தை மூடவிடாமல் இருக்க ஒரு வழி யோசித்தேன். டெஸ்டர் ஒரு சவால் விட்டான். முன்பின் பார்க்காத ஒரு பொருளை அக்கா நேரலையில் பழுதுபார்த்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக் கணக்கை மூடிவிடுவான். அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"இத செஞ்சுட்டா அவன் நெஜமா போயிடுவானா?"

"போயிடுவான்கா."

உண்மையாகத்தான் சொன்னேன். அன்று காலை வரைக்கும் அதே எண்ணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஒரு வாசகர் அனுப்பிய பழைய அறை ஹீட்டர். ஒரே நேரத்தில் பதினோராயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு பார்வை பார்த்து, "உனக்கு என்னடா ஆச்சு" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இருபது நிமிடத்தில் கம்பி சிவந்துவிட்டது. கருத்துகள் ஓடுகிற வேகத்தில் என்னால் படிக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் மனதில் தட்டியது. அவள் ஜெயித்தால் டெஸ்டர் போக வேண்டும். அதற்குள் அவனுக்கு அறுபதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். அக்காவும் பக்கத்தை மூடிவிடுவாள். இரண்டு பக்கங்கள், ஒரே நாளில். அவற்றில் ஒரு வரியாவது நான் எழுதாதது உண்டா?

ஹீட்டரில் ஏதோ லேசாகச் சத்தம் கேட்டது. இறுக்கிவிடலாம் என்று அக்கா அதன் குமிழைத் திருகி அணைத்தாள். கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சுவரில்தான் பிளக். படம் பிடிக்கும்போது ஸ்விட்சை அணைத்து அதைப் பிடுங்குவது என் வேலை. வழக்கமாக நான் பிடுங்கிவிட்டதாகச் சொன்ன பிறகும் அக்கா அந்த டெஸ்டர் குச்சியை வைத்து ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். ஆனால் ஒரு மாதமாக நம் டெஸ்டர் அதைக் கேலி செய்துகொண்டிருந்தான். 'குச்சி இல்லாமல் கை வைக்கத் தெரியாத மேதை' என்று. அதனால் அன்றைக்கு அவள் குச்சியை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்குத் தெரியும்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டாள், தலையைத் திருப்பாமல்.

"எடுத்தாச்சு" என்றேன்.

நான் எடுக்கவில்லை. அவள் கை வைத்த பிறகும் உடனே எடுக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டியதும் எடுத்தேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஒரு வருடம் போனால் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். டெஸ்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான், மன்னிப்புக் கேட்டான். மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அவன் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்பது என் கருத்து. கணக்கை மட்டும் மூட முடியவில்லை. அவ்வளவு பேர் ஆறுதல் சொல்ல வந்திருந்தார்கள்.

மாட்டிக்கொண்டதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. முதல் நாளிலிருந்தே அக்காவுக்காகச் சண்டை போட்ட ஒரு பள்ளிக்கூட அறிவியல் டீச்சர் எழுதினார்: 'இருபத்து மூன்றாவது நிமிடம் பாருங்கள். அலமாரிக் கண்ணாடியில் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு தெரிகிறது. அது எரிந்துகொண்டேதான் இருக்கிறது. எடுத்தாச்சு என்று சொன்னது யார்?' பதினொரு பேர் படித்த காலத்தில் இவ்வளவு கூர்ந்து பார்க்கிற ஒருவர் எனக்கு வாய்த்ததில்லை. டெஸ்டரும் நாங்களும் ஒரே இணைப்பில் இருப்பதை அதன் பிறகுதானே நீங்கள் கண்டுபிடித்தீர்கள்? பாராட்டு அந்த டீச்சருக்குப் போக வேண்டும்.

அக்கா மேல் எனக்கு வெறுப்பா என்று கேட்டீர்கள். வெறுப்பு இருந்தால் ஒருத்திக்காக ஆறு மாதம் ஓய்வில்லாமல் உழைப்பேனா? அவளுக்கும் என் மேல் கோபம் இல்லை. நான் வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள், உண்மைதான். வலியில் அப்படிச் சொல்வார்கள். என்னிடம் வேறு ஆதாரம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து டெஸ்டரின் பழைய பதிவுகளை அக்காவின் கணக்கிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் வருகிறது. முதல் பதிவிலிருந்து வரிசையாக, ஒன்று விடாமல். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு நிறுத்திவிடுகிறாள், மதியம் ஒரு மணி நேரம் இடைவெளி. அவளுடைய கைப்பேசியைத் திங்கட்கிழமையே நீங்கள் வாங்கி உறையில் போட்டு இந்த அலமாரியில் வைத்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். இருந்தாலும் சொல்லுங்கள், மேடம், கோபம் இருக்கிறவள் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து படிப்பாளா?