கதவில் இரண்டு தட்டு

முதலில் ஒரு விஷயம். இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கட்டை. உட்கார்ந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் போதும். ஆனால் செய்ய மாட்டீர்கள். யாராவது மல்லாந்து விழுந்து மண்டை உடைந்த பிறகு ஒரு சுற்றறிக்கை விடுவீர்கள். நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் பாதுகாப்பு என்பது இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

கேட்டதற்கு வருகிறேன். லாரி நிறுவனத்தில் என்னை வாத்தியார் என்பார்கள். பாதி வாழ்க்கையை ஸ்டியரிங் பிடித்தும், மீதியைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் கழித்தவன். புதிதாக வருகிறவர்களுக்குக் கனரக வண்டி பழக்குவது என் வேலை. இருபத்தொரு வயது ஆகாதவர்களை நெடுந்தூரச் சரக்கு வண்டியில் ஏற்றக் கூடாது என்று முன்பு சட்டம் இருந்தது. நல்ல சட்டம். பிறகு ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிமார் மூக்கால் அழுதார்கள். உடனே ஒரு சோதனைத் திட்டம் வந்தது. பதினெட்டு முடிந்தாலே ஓட்டலாம், ஆனால் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும், டிரைவரின் முகத்தைப் பார்த்தபடி கேபினில் ஒரு கேமரா வேண்டும். அந்தக் கேமரா நான் கேட்டு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டை வறளக் கத்தினேன். திட்டமே வேண்டாம் என்றேன். அது யார் காதிலும் ஏறவில்லை. கேமராவை மட்டும் எனக்கு மிட்டாய் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள்.

மேடையில் இருந்த அதிகாரி, "பெரியவரே, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது" என்றார். புரியவில்லை. புரிந்திருந்தால் நானும் நீங்களும் இன்று இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

என் மகனைப் பற்றித்தான் அவர் சொன்னார். அவன் பத்தொன்பது வயதில் போனான். உள்ளூர்ச் சரக்கு ஓட்ட அப்போதும் தடையில்லை, மலைச்சாலையும் உள்ளூர்க் கணக்கில்தான் இருந்தது. அந்தச் சாலையில் முதலில் ஒரு சின்ன இறக்கம். பிறகு வண்டிகளை நிறுத்திப் பார்க்கக் கொஞ்சம் சமதளம். அதன் பிறகு பெரிய இறக்கம். பெரிய இறக்கத்தின் கடைசி வளைவில், பிரேக் போன வண்டிகள் நேராக ஏறிப் புதைந்து நிற்பதற்காக மணலைக் கொட்டி மேடாக்கி ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். என் மகன் அதில் ஏற்றவில்லை. வளைவிலேயே வண்டியைச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தான். முடியவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள், வயசுக் கோளாறு, பக்குவம் போதாது என்று முடித்தார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்ன, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எழுந்து நடமாடினேன்.

மணல்மேட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் எங்கள் ஆட்களிடம் விசாரித்தால் எப்படியும் சொல்லிவிடுவார்கள். மணலில் ஏற்றியவனை எங்கள் இடத்தில் 'மண்ணுளி' என்று கூப்பிடுவார்கள். பாம்பில் ஒரு வகை உண்டே, மண்ணைத் துளைத்துக்கொண்டு போகுமே, அது. ஒரு தடவை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் ஓய்வு பெறும் வரைக்கும் போகாது. சும்மா தமாஷ். நானும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூட, "நான் இருக்கிற வரைக்கும் நம்ம குடும்பத்துல ஒரு மண்ணுளி வரக் கூடாதுடா" என்பேன். மகன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அவன் போன பிறகு ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்க்காமலே, "அவன் பயப்படலைங்க. நீங்க சொன்னதைத்தான் செஞ்சான்" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டக்கூடத் தெரியாது.

இப்போது அந்தப் பெண்.

டயர் வேலை பார்க்கிறவர் இருக்கிறாரே, அவருடைய மகள். அவருக்குக் கருகருவென்று கை, எந்நேரமும் ரப்பர் வாசனை. அந்த மனிதரும் நானும் ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் அவள் என்னை மாமா என்பாள். ஆள் குள்ளம். இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். எல்லாரும் அவளைத் 'தலகாணி' என்றார்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள். "தலகாணி வந்துட்டேன், யாரு தூங்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள். பத்தொன்பது வயது. சோதனைத் திட்டத்தில் எங்கள் நிறுவனம் எடுத்த முதல் ஆள். அவளுக்குப் பக்கத்து இருக்கை ஆளாக என்னைப் போட்டார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அவள் நன்றாக ஓட்டினாள். நான் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி பார்ப்பது, இடைவெளி விடுவது, கியரை இறக்கி வண்டியை எஞ்சினிலேயே பிடித்து நிறுத்துவது, எல்லாம் பழுத்த டிரைவர் மாதிரி. முதலாளி தலைகால் புரியாமல் ஆடினார். அடுத்த வருடம் இந்த வயதில் இன்னும் பத்துப் பேரை எடுக்கலாம் என்றார். பத்துப் பேர். ஒருத்தி நன்றாக ஓட்டுகிறாள் என்பதற்காகப் பத்து வீட்டுப் பிள்ளைகளை மலையில் ஏற்றப் போகிறார்கள். நான் செய்ததை இந்த இடத்திலிருந்து பாருங்கள், அப்போதுதான் நியாயம் தெரியும்.

ஒரு நாள் மணல்மேட்டைக் கடக்கும்போது நான் மண்ணுளிக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "என்ன வேணா பேர் வைச்சுக்கட்டும் மாமா. பிரேக் போச்சுன்னா நான் கண்ண மூடிட்டு மணல்ல ஏத்திடுவேன். ஏற்கெனவே தலகாணி, கூட மண்ணுளி, அவ்வளவுதானே?" என்றாள்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சம்பவ தினத்துக்கு வருகிறேன். பட்டப்பகல், காய்ந்த சாலை, பாரம் முழுசாக இருந்தது. சின்ன இறக்கத்தில் அவள் வழக்கம்போல் கியரில் பிடித்து இறங்கினாள். நான் பிரேக்கை அழுத்தச் சொன்னேன்.

"கியர்லயே நிக்குதே மாமா, பிரேக் எதுக்கு?"

"சொன்னதைச் செய். இன்னும் மெதுவாப் போ. விடாம அழுத்து."

அழுத்தினாள். இறக்கம் முடிகிற வரைக்கும் அழுத்த வைத்தேன். நீங்கள் ஓட்டுகிறவர் என்றால் தெரிந்திருக்கும்: பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் அது காய்ந்து பழுத்துவிடும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அதற்காகத்தான் சமதளத்தில் நிறுத்த வேண்டும் என்பதே. பக்கத்து இருக்கை ஆள் இறங்கிப் போய், ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஆறியிருந்தால் டிரைவர் கதவில் இரண்டு தட்டு. எங்கள் வழக்கத்தில் இரண்டு தட்டு என்றால், நான் பார்த்துவிட்டேன், நம்பிப் போகலாம் என்று அர்த்தம். அதற்கப்புறம் டிரைவர் இறங்கிப் பார்க்க மாட்டார். பார்த்தால் தட்டியவரை அவமானப்படுத்தியதாகிவிடும்.

நான் இறங்கினேன். முதல் சக்கரத்துக்கிட்டேயே கையை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. வாடை மூக்கைத் துளைத்தது. சுற்றி வந்தேன். அவள் கதவில் இரண்டு தட்டினேன்.

ஏறி உட்கார்ந்ததும் அவள், "ஏதோ கருகுற வாசனை வருதே மாமா" என்றாள்.

"முன்னாடி போன வண்டி. நீ கிளம்பு. நேரமாச்சு, ஒரு கியர் மேல போட்டே இறங்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தைப் படத்தில் நிறுத்திப் பாருங்கள். மேல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, அந்த இறக்கத்தில் அப்படி இறங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். முடியாது என்று அவள் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே தோற்றுப்போயிருப்பேன், திட்டத்துக்கும் குறுக்கே நின்றிருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் வைத்தது பரீட்சை. "வாத்தியார் சொன்னா சரிதான்" என்று கியரைப் போட்டாள்.

அனுபவமுள்ள ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான் என் வாதம்.

பாதி இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. என்னைக் கோழை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நானும் அதே வண்டியில்தான் இருந்தேன். எனக்கும் ஒரே உயிர்தான். அவள் கத்துவாள், கையை உதறுவாள், பத்தொன்பது வயது என்றால் என்ன என்று உங்கள் கேமரா உலகத்துக்குக் காட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினாள். விளக்கைப் போட்டாள். கியரை இறக்கப் பார்த்தாள், விழவில்லை. உடனே அந்த முயற்சியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்த காருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். அந்த வேகத்தில், அந்தப் பாரத்தோடு. அப்புறம், "மாமா, பிரேக் இல்ல. மணலுக்குப் போறேன். பெல்ட்ட இறுக்கிட்டுக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றாள். குரல்கூட நடுங்கவில்லை.

மணல்மேட்டின் வாய் நேர் எதிரே வந்தது. வண்டி அச்சுப் பிசகாமல் அதை நோக்கிப் போனது. ஏறியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன் சக்கரம் புதைந்து, ஒரு குலுக்கலோடு நின்றிருக்கும். எங்கள் ஆட்கள் அவளை மண்ணுளி என்று கூப்பிட்டிருப்பார்கள். அவள் சிரித்திருப்பாள். பத்தொன்பது வயதில் இதைச் செய்ய முடியும் என்று ஊரெல்லாம் பேசியிருக்கும். அப்படியென்றால் என் மகனால் ஏன் முடியவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். முதலில் என் மனைவிதான் கேட்டிருப்பாள்.

கேமரா டிரைவரை மட்டும்தான் காட்டும். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாலைப் பக்கம் இழுக்கிறதே, யாருடைய கை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சட்டைக் கையைப் பார்த்தாலே தெரிகிறது. என் கைதான். வண்டி வளைவில் அவள் பக்கமாகச் சாய்ந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவள் அங்கேயே முடிந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளுடைய அப்பா வந்தார். அந்தக் கறுத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் எம்பொண்ணு கூட இருந்தீங்களே வாத்தியாரே. தனியாப் போகலையே அவ" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. "வயசு அப்படி, என்ன பண்றது" என்றேன்.

சோதனைத் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று நேற்றுப் பேப்பரில் பார்த்தேன். பத்துப் பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். அதில் என் பங்கு என்ன என்று யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை, பரவாயில்லை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். நான் செய்ததில் தவறு இருப்பதாக மட்டும் எழுதாதீர்கள், அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஸ்டியரிங் என் பக்கம் திரும்பியதும் அவள் என்ன செய்தாள் என்று படத்தில் பாருங்கள். தன் கையை எடுத்துவிட்டாள். மாமா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை அப்படியே நம்பிவிடுகிற வயது அது. அதனால்தான் படித்துப் படித்துச் சொல்கிறேன், இருபத்தொன்று ஆகாமல் யாரையும் மலையில் ஏற்றாதீர்கள்.