முதல் சிரிப்பு என்னுடையது

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். சூப்பர்வைசர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. வெட்டும் பிரிவில் இருந்த ஒரு பெண்தான் ஒருநாள் சொன்னாள்.

"அண்ணா, நீங்க பூ போட்டாலே யாரோ போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு பதறுறோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடமே மீம் போடக் கற்றுக்கொண்டேன்.

குழுவில் அவளுக்கு 'அரைத்தூக்கம்' என்று பெயர். அவளே வைத்துக்கொண்டது. வயது இருபத்திரண்டு. அந்த வயசுப் பிள்ளைகளை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பல்வலி என்றால் பல்வலி என்று சொல்ல மாட்டார்கள், அழுகிற பூனையை அனுப்புவார்கள். வீட்டில் சண்டை என்றால் மழையில் நனைகிற நாய் வரும். பத்துப் பேர் சிரித்தால்தான் மனசு லேசாகும்போல. நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

என்ன வசதி என்று கேட்கிறீர்கள். வெட்டும் மெஷினில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கம்பி பழசானதில் மெஷின் சும்மா சும்மாவே நிற்க ஆரம்பித்தது, ஒரு ஷிப்டில் முப்பது தடவை. வாசலில் லாரி காத்துக்கிடந்தது. கம்பியை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் நானே இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் அரைத்தூக்கம் ஒரு தாளோடு வந்தாள். தேதி, கையெழுத்து எல்லாம் போட்டிருந்தாள்.

"கம்பியை இறக்கிடுங்கண்ணா. உள்ள போன கை வெளிய வராது."

நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இதை நான் வாங்கினா மெஷினை நிறுத்திடுவாங்கம்மா. உங்க செக்ஷனே வீட்டுல உக்காரணும். இதையே ஒரு மீமா போடேன், நீதான் கில்லாடியாச்சே."

"போட்டா சரிபண்ணிடுவீங்களா?"

"நாலு பேர் சிரிச்சா மேல இருக்கிறவங்க கண்ணுல படும்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் படம் வந்தது. முன்காலில் கட்டுப் போட்ட பூனை, கீழே 'நாளைய நான்'. முதல் சிரிப்பை நான்தான் போட்டேன். சூப்பர்வைசரே சிரித்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. தாளில் இருந்தால் அது புகார். சிரித்துவிட்டால் வெறும் கேலி.

அடுத்து 'வாடகைக்குக் கை கிடைக்குமா' என்று ஒன்று. பிறகு, 'காலையில ரெண்டு கைக்கும் அட்டெண்டன்ஸ் போட்டாச்சு, சாயங்காலம் ரெண்டும் இருக்கான்னு பாப்போம்'. அதற்கு நிஜமாகவே சிரித்தேன். அவளுக்கு அந்தத் திறமை உண்டு.

கடைசியாக வந்ததில் படமே இல்லை. 'அண்ணா, நிஜமா பயமா இருக்கு.' அவ்வளவுதான். அதற்கும் பதினொரு சிரிப்பு விழுந்தது. 'செம டைமிங்' என்று பேக்கிங் பையன் ஒருவன் எழுதினான். படமில்லாமல் போட்டதே ஒரு புது ஜோக் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பதினொன்றில் முதலாவது என்னுடையதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போனது. சத்தம் கேட்டு ஓடினேன். முதலில் கட்டுக்கம்பியை அவிழ்த்து, தடுப்புக் கம்பியை இறக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

எழுத்துமூலமாகப் புகார் எதுவும் வரவில்லை என்று, விசாரணைக்கு வந்த உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். குழுவில் வந்தவற்றைப் பிரிண்ட் எடுத்து, 'தொழிலாளர்களின் நகைச்சுவை' என்று தலைப்பும் போட்டு இணைத்தேன். இன்றைக்கு நீங்கள் அவள் பையிலிருந்த தாளை என் முன்னால் விரித்துவிட்டீர்கள். ஆமாம், படித்தேன். கம்பியைக் கட்டியதும் நான்தான், புகாரைக் கேலியாக்கியதும் நான்தான்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நாலாவது நாள், இடது கையால் தட்டித்தட்டி அவள் குழுவில் ஒரு வரி போட்டாள். 'அண்ணா, இப்ப பூ போடலாம்.'

குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் ஒரு சிரிப்பைப் போட்டேன். யாருமே சிரிக்காவிட்டால் பிள்ளை மனசு உடைந்துபோகுமே.