நடுவிலையில் ஒரு சீடி பிளேயர்

சீடி பிளேயர் வாங்கப் போகிறவர்கள் ஆகக் குறைந்த விலையில் இருப்பதையும் எடுக்கக்கூடாது, ஆகக் கூடிய விலையில் இருப்பதையும் எடுக்கக்கூடாது. நடுவிலையில் இருப்பதுதான் வீட்டுக்குச் சரி. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கடைக்காரர் நௌபர். நீங்களும் என்றைக்காவது வாங்கினால் நினைவில் வைத்திருங்கள், பிள்ளை. நான் ஆறுதலாகவே சொல்கிறேன். எழுதி எழுதிக் கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். உங்களைப் பார்த்தால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த மாதிரி இருக்கிறது.

எங்கள் வீடு உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும், வந்து பார்த்துவிட்டீர்கள். என் கணவர் பாலசிங்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய மனிதர். நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்குள் கிடந்தவருக்கு வீட்டுக்கு வந்தால் பாட்டு வேண்டும். அம்பிளிபயரையும் என் இடுப்பளவு உயரமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினார். கதிரையைச் சரியாக நடுவில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த நேரம் நான் கதைத்தால் பிடிக்காது. வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலுக்கு வெளிக்கிட்டால் மட்டும் வாசல்வரை வந்து, அவசரப்படாமல் ஆறுதலாக வாரும் என்று சொல்லி அனுப்புவார். என்மீது எவ்வளவு கரிசனை என்று நினைத்துக்கொண்டு போவேன்.

எங்களுக்கு ஒரே மகன், சாரங்கன். கிண்ணியாப் பெண்ணான சுஹைராவைக் கல்யாணம் எழுதிக்கொண்டு கட்டாருக்குப் போனான். அவன் வெளிக்கிட்ட அன்று வீட்டுக் கதவைச் சாத்தியது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாய் சாத்திய கதவு எத்தனை நாளைக்குச் சாத்தியே கிடக்கும்? கொஞ்ச நாளில் என் கோபம் அடங்கிவிட்டது. அவன் கோல் எடுப்பான் என்று காத்திருக்கத் தொடங்கினேன். வீட்டில் இருந்த ஒரே கைப்போன் எப்போதும் இவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். மகன் எடுத்தானா என்று கேட்பேன். எடுக்கவில்லை என்பார். ஒரு நாள் என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அவன் எங்களை மறந்திட்டான், புஷ்பம். நீரும் மறந்திடும்."

அன்று அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய கண்ணீரை நான் நம்பினேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஊரில் யாராவது மகனைப் பற்றி விசாரித்தால் நானே பேச்சை மாற்றிவிடுவேன். வருடங்கள் அப்படியே போயின. பெற்ற பிள்ளைக்கு வேண்டாதவளாகப் போனேன் என்ற நினைப்போடு ஒவ்வொரு நாளும் சோறு வடித்தேன். இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். நான் அவரை நன்றாகப் பார்த்தேன், பிள்ளை. ஒழுங்கையில் யாரையும் கேளுங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டேன். கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். அவருடைய பழைய சீடி பிளேயர் அதற்கு முன்னரே பழுதாகிவிட்டது. அவர் இடக்கையை அலுமாரிப் பக்கம் நீட்டி நீட்டி அந்தச் சத்தத்தைப் போடுவார். அலுமாரிக்குள் அவருடைய சீடித் தட்டுகள் ஒரு பிஸ்கட் பெட்டியில் இருந்தன. மனிதன் பாட்டுக்குத் தவிக்கிறார் என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்ட தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, போட்டுப் பார்த்தே வாங்குவோம் என்று நௌபரின் கடைக்குப் போனேன்.

கரண்ட் மணிக்கணக்காக வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. புதுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராததால் ஜப்பானில் பாவித்த பெட்டிகள்தான் கடையில் இருந்தன. நான் சீடி பிளேயர் என்றதும் நௌபர் சிரித்தார்.

"இப்ப ஆரம்மா சீடி கேக்கிறது? எங்கட வீட்டில காகம் கலைக்க முற்றத்தில கட்டித் தொங்கவிட்டிருக்கம்."

சிரித்தாலும் நல்ல மனிதர். என் கணவர் படுக்கையில் இருப்பதைக் கேட்டறிந்து, மூன்று பெட்டிகளை இறக்கித் துடைத்து வைத்தார். நான் கொடுத்த தட்டுகளில் மேலே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன்மேல் என் கணவரின் அழகான எழுத்தில் பக்திப் பாடல்கள் என்று இருந்தது. மற்றத் தட்டுகளெல்லாம் புதிதுபோல இருக்க இது மட்டும் கீறலாகக் கிடக்கிறது, இதைப் படிக்கிற பெட்டி எதையும் படிக்கும் என்று சொல்லி, அதையே மலிவான பெட்டிக்குள் போட்டார்.

அது முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டது. அம், அம், அம் என்று விக்கல் எடுத்தது. தேவாரம் ஏதோ தொடங்குகிறது என்று நினைத்தேன். விலை கூடிய பெட்டி அந்தத் தட்டை ஏற்கவேயில்லை. கடையில் விற்ற தட்டென்றால் பாடுமாம், இது யாரோ கணினியில் பதிந்தது, இந்தப் பெரிய இடத்துப் பெட்டிகளுக்கு அது பிடிக்காது என்றார் நௌபர். கடைசியாக நடுவிலைப் பெட்டிக்குள் போட்டார். அது கொஞ்ச நேரம் தட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, கீறலைத் தாண்டித் தெளிவாகப் படித்தது.

"அம்மா, நான் சாரங்கன் கதைக்கிறன். எத்தினை தரம் கோல் எடுத்தாலும் அப்பாதான் எடுக்கிறார். உங்களுக்கு என்ர குரல் கேக்கவே விருப்பமில்லையெண்டு சொல்லுறார். கடிதம் போட்டால் நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டப்படுவீங்கள். அதுதான் கதைச்சு அனுப்புறன். ஒருக்காக் கேளுங்கோ அம்மா. எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். மூக்கு அப்பிடியே உங்கட மூக்கு."

அதற்குப் பிறகு தன்னுடைய இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக, எனக்காக மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு இன்னொரு தரம் சொன்னான்.

நௌபர் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் இருக்கவில்லை. இதில் ஏன் இவ்வளவு கீறல் என்று மட்டும் கேட்டேன். திரும்பத் திரும்பப் பாடினால் தட்டு தேயுமா என்றும் கேட்டேன். பாடித் தேயாது அம்மா, உள்ளே வெளிச்சம்தான் படுகிறது, இது கையால் எடுத்து எடுத்து வைத்ததால் வந்த கீறல் என்றார். அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமைகள் விளங்கின.

என் கணவர் ஒளித்ததை நான் மன்னித்திருப்பேன், பிள்ளை. ஆத்திரத்தில் ஒளித்தார், பிறகு எடுத்துத்தர வெட்கப்பட்டார் என்று எனக்கே சமாதானம் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டிருக்கிறார். என்னைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கதிரையை நடுவில் போட்டுக்கொண்டு, எனக்கு வந்த குரலை எனக்குத் தராமல் தான் மட்டும் கேட்டிருக்கிறார். நான் திருநீற்றோடு திரும்பி வந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நடுவிலைப் பெட்டியை எடுத்தேன். நௌபர் அதன் நல்ல குணங்களையெல்லாம் பொறுமையாகக் காட்டித் தந்தார். ஒரு பொத்தானை அமத்தினால் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். பக்கத்தில் ஒரு சின்ன விசை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால், கரண்ட் போய் வந்தவுடன் யாரும் தொடாமலே தானாகப் பாடத் தொடங்கும். எழும்ப ஏலாத ஆளுக்கு இது வசதி அம்மா, நீங்கள் ஓடி ஓடி அறைக்குள் போகத் தேவையில்லை என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அவரை இதற்குள் இழுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து வயர்களைப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். பெட்டியைக் கண்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம். தட்டைப் போட்டேன். அம்மா என்ற முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடக்கண்ணிலிருந்து நீர் ஓடியது. வெட்கம் என்று அப்போது நினைத்தேன். மகனின் குரலைத் திரும்பக் கேட்ட சந்தோசமாகவும் இருந்திருக்கலாம். அதை யாரிடம் கேட்பது?

தண்ணீர்க் கோப்பை இருந்த சின்ன மேசையை, தரை கூட்டுவதற்காக அவருடைய கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன். கூட்டி முடித்த பிறகு திரும்ப நகர்த்தவில்லை. பொத்தானை அமத்தி, விசையைத் தள்ளி, சத்தத்தைக் கூட்டிவிட்டு வெளியே வந்து அறைக் கதவைப் பூட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கை ஓங்கவில்லை, ஒரு கடும் சொல் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்ததைக் கேட்க விட்டேன். நான் குசினிக்குள் எனக்கு மட்டும் சமைத்தேன். மகன் கதைத்தான். கரண்ட் போகிற நேரங்களில் மட்டும் அறைக்குள்ளிருந்து அந்தத் தொண்டைச் சத்தம் கேட்கும். அப்போது குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து பக்கத்தில் நிற்கும். திரும்பி வரும்போது கரண்ட் வந்திருக்கும், மகன் கதைத்துக்கொண்டிருப்பான். ஒழுங்கைத் தொங்கலில் திரும்பும்போதே அவன் குரல் கேட்கும். வீட்டுக்கு நடக்கக் காலுக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். தொண்டைச் சத்தம் பிறகு வரவர மெலிந்து, கரண்ட் போனாலும் நான் வீட்டிலேயே இருக்கலாம் என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டு றுக்கியா மதிலால் எட்டிப் பார்த்தாள்.

"மகன் வந்திட்டானா, புஷ்பக்கா?"

ஓம் என்றேன். அவளுக்கு என்னைவிடச் சந்தோசம். பயணக் களைப்பாக இருக்கும், ஆறுதலாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவனுக்கென்று வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். ஏலக்காய் மணக்க நல்ல பதமாக இருந்தது. நான் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கொடுத்தேன்.

அவள் கெட்டிக்காரி. கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப மதிலடிக்கு வந்தாள். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை.

"புஷ்பக்கா, தம்பி வெளியில வாறானுமில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளை பிறந்த கதையையே சொல்லுறான். அண்ணன்ர சத்தத்தையும் காணேல்லை."

அவருக்கு இப்போது நல்ல நித்திரை என்றேன். அவள் வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்திருக்கிறாள். கேட்டுக் கேட்டு மகனின் இலக்கம் அவளுக்கே பாடமாகிவிட்டதாம். சாரங்கன் அந்த இலக்கத்தை இத்தனை வருடமாக மாற்றவேயில்லை. அவள் எடுத்த கோலுக்குக் கட்டாரிலிருந்து அவனே மறுமொழி சொன்னானாம். அதற்குப் பிறகுதான் பொலிஸ்காரர் நீங்கள் எல்லோரும் வந்து கதவை உடைத்தீர்கள். திறப்பு என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. கேட்டிருந்தால் தந்திருப்பேன்.

நீங்கள் என்ன கேட்க நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். றுக்கியாவுக்குப் பாடமான இலக்கம் எனக்குப் பாடமாகவில்லையா என்பதுதானே? கடையில் நின்றபோதே பாடமாகிவிட்டது. நான் ஏன் எடுக்கவில்லை என்று எனக்கே பல மறுமொழிகள் சொல்லிக்கொண்டேன். போனில் சார்ஜ் இல்லை என்றேன். வீடு கிடக்கிற கிடையில் மகனைக் கூப்பிட ஏலாது என்றேன். உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எடுத்தால் அவன் வந்துவிடுவான், அவ்வளவுதான். வந்தால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும்.

நேற்று, அவருடைய உடலைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி வாசலில் மகனைக் கண்டேன். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. குரலும் தடித்துப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள் என்று அழுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவன் கேட்டது அப்பாவைப் பற்றித்தான். தட்டில் இருக்கிறவன் அப்படியில்லை. அவன் என்னோடு மட்டும்தான் கதைப்பான்.

அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், பிள்ளை, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. என் மகனுக்காகத்தான் செய்தேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அவன் வெளியே விறாந்தையில் நிற்கிறான், உள்ளே வரச் சொல்லவா என்று கேட்கிறீர்கள். நிற்கட்டும். அந்தப் பெட்டியும் தட்டும் உங்கள் மேசைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கதவைச் சாத்திவிட்டு ஒருதரம் போட்டுவிடுங்கள்.