கம்பியைப் பிடித்த இடது கை

பேருந்தில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தூங்குவதுபோல் நடிக்கிற ஆள் நான். ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன வாரம் எங்கள் தீவில் லம்பா லைன் பக்கம் போகும் பேருந்தில் என் தலைக்கு மேலே இரண்டு பெண்கள் நின்றபடி பேசினார்கள்.

“இந்த ஆள எழுப்பட்டுமா? ஆபரேஷன் பண்ண உடம்புடி உனக்கு.”

“வேணாம்க்கா. இந்தக் கம்பியப் புடிக்கத்தானே நாலு மாசமா சுவத்துல ஏறுனேன்.”

“சுவத்துலயா?”

“மார்புல கேன்சர் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இடது கை தோளுக்கு மேல எழும்பவே இல்ல. மெயின்லேண்டுல பிசியோ மேடம் தினமும் விரலால சுவத்துல ஏறச் சொன்னாங்க. எட்டுன இடத்துல பென்சில் கோடு. குவார்ட்டர்ஸ் சுவத்தக் கெடுக்குறேன்னு அவரு ஒரே புலம்பல்.”

“யோகா கிளாஸ் வேற போனியாமே?”

“மூச்சு விடக் கத்துக்குடுத்தாங்க. நாப்பத்தஞ்சு வருஷமா தப்பாவே விட்டிருக்கேன்!”

“இப்ப கை வலிக்குதா?”

“கொஞ்சம் இழுக்குது, மத்தபடி டீக் ஹை. பஸ் பிரேக் அடிச்சப்பகூட விடல, பாத்தியா? அரே, நீ ஏன்க்கா அழுவுற?”

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “உங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? அந்த ஃபேனை எப்பத் துடைக்கப் போறீங்க?”