தொக்ஜானே எடுத்த படம்

கேமராவுக்கு முன்னால் யாரும் உள்ளபடி உட்காருவதில்லை. நானும் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் நோயாளிகளிடம் பேசுவேன். இடுப்புக்குக் கீழே வீட்டில் போடும் பழைய கால்சட்டை.

குல்பார்ஷின் அக்காவின் மகள் தொக்ஜானுக்கு இருபத்து நான்கு வயது. பவுர்சாக் என்ற மாவு உருண்டை பொரிக்கும்போது எண்ணெய் கொட்டி வலது கன்னம் வெந்துபோயிருந்தது. 2020 ஜூலையில், அல்மாத்தியில், கழுத்துத் தோலைத் திருப்பி அந்தக் கன்னத்தில் வைத்துத் தைத்தேன். நல்ல வேலை, இப்போதும் சொல்வேன். மறுநாளே எங்கள் மருத்துவமனையைக் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவளைச் சொந்த ஊரான தல்திகோர்கானுக்கு அனுப்பிவிட்டு, தினமும் காலையில் வாட்ஸாப்பில் காயத்தின் படம் அனுப்பச் சொன்னேன். அப்போது நாங்கள் எல்லாருமே அப்படித்தான் வைத்தியம் பார்த்தோம்.

படம் எடுப்பது அக்கா. அவர் போனில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி உண்டு. மாப்பிள்ளையின் தாய் வந்து காதில் தோடு போட்டு நிச்சயம் செய்துவிட்டுப் போன பெண். அவள் முகத்தைக் காயத்தோடு வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அதே படம்தான் சம்பந்தி வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, தைத்த கன்னத்தில் தையலே இல்லை. நான் கேட்கவில்லை. பார்க்க நிம்மதியாக இருந்தது.

ஆறாம் நாள் தொக்ஜானே ஒரு படம் அனுப்பினாள். தைத்த தோலின் விளிம்பு கறுத்து, சீழ் கோத்திருந்தது. கூடவே அவள் குரல்:

"டாக்டர், அம்மா அனுப்புறது என் மொகமே இல்ல. இதுதான் என் மொகம். நாத்தம் அடிக்குது. குளிர் ஜுரம் வேற. என்னை அங்க கூட்டிக்கோங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

கூட்டியிருக்கலாம். சாலையில் தடுப்பு இருந்தது, ஆனால் என் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும். அழுகியதை வெட்டி எடுக்க அரை மணி நேரம். அந்த அரை மணியும் அவள் மூச்சு என் முகத்தில் படும். முந்தின வாரம்தான் எங்கள் மயக்க மருந்து டாக்டர் மராலைப் புதைத்திருந்தோம். எனக்குப் பயம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உயிர்ப்பயம்.

"வெளிச்சம் சரியில்ல, அம்மாவையே எடுக்கச் சொல்லும்மா" என்று பதில் எழுதினேன்.

அக்கா எடுத்தார். கன்னம் பளபளவென்று வந்தது. 'நன்றாக ஆறுகிறது' என்று கோப்பில் பதிந்துவிட்டு, தொக்ஜான் அனுப்பியதை அழித்தேன். அவள் போனில் இருந்ததை, விசாரிக்க வந்த நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

எட்டாம் நாள் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டார். "ஜுரம் நாப்பதைத் தொடுது தம்பி. காயம் எனக்கென்னவோ கறுப்பாத் தெரியுது."

"படத்துல சுத்தமா இருக்கு அக்கா. இது ஊரெல்லாம் வர்ற ஜுரம். வீட்டுலயே வெச்சுப் பாருங்க."

"நீங்க சொன்னா சரி. அழுது அழுது என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல."

பத்தாம் நாள் இறந்தாள். கொரோனா என்று எழுதினார்கள். வெள்ளை உடைக்காரர்கள் பையில் கட்டிக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டப் பெண்களை விடவில்லை. அதனால் அந்தக் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அழவில்லை.

"மொகத்த மாத்தி மாத்தி அனுப்பினது நான்தான் தம்பி. அதனாலதான் போயிட்டாளா? மறைக்காம சொல்லுங்க."

யோசித்துத்தான் சொன்னேன். "உள்ளபடி அனுப்பியிருந்தா காப்பாத்தியிருப்பேன் அக்கா."

அதன்பிறகு அவர் சாப்பிடவே இல்லையாம். இலையுதிர் காலத்தில் அவரையும் மகள் பக்கத்திலேயே புதைத்ததாகக் கேள்விப்பட்டேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு தாய் அப்படி மறைத்திருக்கக் கூடாது. ஆனாலும் அவரை நான் அப்போதே மன்னித்துவிட்டேன்.